குறைந்த செலவில் சிப்பாங் தடத்துக்கு: எந்தக் காரை எடுப்பது?

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் நடுவே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. "நாமும் தடத்தில் ஓட்ட முடியுமா? அதற்கு என்ன கார் வாங்கணும்?" அஜித் ஓட்டியது போர்ஷே. அந்தக் காரின் விலையில் எங்கள் ஊரில் சில வீடுகள் வாங்கலாம். ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம்: மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தில், வங்கிக் கடன் இல்லாமல், ஒருவர் தடத்தில் ஓட்டக்கூடிய கார் எது?

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். கோலா சிலாங்கூர், ஈஜோக், ஜெராம் பக்கத்து மாணவர்களுக்கு எங்கள் சாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரு பக்கமும் செம்பனை, நடுவே கோடு போட்டது போல் நேர்ச்சாலை, மாலை ஏழு மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் குறைவு. வேகத்தில் ஆசை உள்ள இளைஞர்களுக்கு இந்தச் சாலைதான் இலவசப் பந்தயத் திடல். அதன் விலை எவ்வளவு என்பது, மகனை மோட்டார் விபத்தில் இழந்த ஒரு வீட்டுக்காவது போய்வந்த எல்லாருக்கும் தெரியும். எங்கள் லயத்தில் அப்படி இரண்டு வீடுகள் உண்டு.

சட்டத்தின் விலை தனி. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பொறுப்பின்றியும் ஆபத்தாகவும் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதம். ஐந்து ஆண்டு வரை சிறை. ஒரு நல்ல பழைய கார் வாங்கும் பணம் அபராதமாகவே போய்விடும்.

என் பெரியம்மா மகன் பந்தயப் பைத்தியம். புஞ்சாக் ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூன்று ஆண்டு ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து 15,000 ரிங்கிட் வைத்திருந்தார். பெரியம்மா இரண்டே நிபந்தனைகள் போட்டார். ஒன்று, கடன் வாங்கக் கூடாது. இரண்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கே ஓட்டினாலும், திங்கட்கிழமை காலை அதே காரில் வேலைக்குப் போக வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைவிட நல்ல பொறியியல் விதியை எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு கார் தேடக் கிளம்பினார். அந்தத் தேடலில் கற்றவைதான் இந்தக் கட்டுரை.

'டிராக் டே' என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். டிராக் டே என்பது போட்டி அல்ல. கட்டணம் கட்டி, உங்கள் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஓட்டும் நாள். வெற்றியாளர் இல்லை, கோப்பை இல்லை. எதிரே வரும் லாரி இல்லை, மாடு இல்லை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இல்லை. எல்லாரும் ஒரே திசையில் ஓட்டுவார்கள். கொடியோடு மார்ஷல்கள் நிற்பார்கள். தடம் விட்டு வெளியே போனால் விரிந்த ஓரப்பகுதி இருக்கும்.

சிலாங்கூர்க்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம் உண்டு. 1999இல் திறந்த சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. நீளம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 கார்கள் ஓடிய அதே தடத்தில் உங்கள் புரோட்டோன் சாகாவும் ஓடலாம். அதற்கு முன் ஷா ஆலாமில் பத்து தீகா தடம் இருந்தது. 1968இல் திறக்கப்பட்டு, 1990களில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தையே நடத்திய இடம். 2003இல் அதை இடித்துவிட்டார்கள். பத்து தீகாவின் சத்தத்தை நேரில் கேட்டதாகச் சொல்லும் பெரியவர்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

முதல் கார்: எல்லாம் மாற்றிய சாத்ரியா

நாங்கள் பார்த்த முதல் கார் ஒரு பழைய புரோட்டோன் சாத்ரியா. மலேசிய இளைஞர்களின் கனவு வரிசையில் சாத்ரியா ஜி.டி.ஐ.க்குத் தனி இடம் உண்டு. 1990களின் இறுதியில் வந்தது. 1,834 சிசி இரட்டை கேம் இஞ்சின், ஏறக்குறைய 138 குதிரைத்திறன். 1996இல் புரோட்டோன் வாங்கிய லோட்டஸ் நிறுவனம்தான் அதன் ஓட்டத்தைச் சீர்செய்தது. ஆனால் அசல் ஜி.டி.ஐ. இப்போது சேகரிப்பாளர்களின் பொருள் ஆகிவிட்டது. சந்தையில் அதிகம் கிடைப்பவை சாதாரண சாத்ரியாவில் பெரிய இஞ்சினை ஏற்றியவை.

நாங்கள் பார்த்ததும் அப்படித்தான். ஓனர் இஞ்சினை முடுக்கிக் காட்டினார். சத்தம் லயத்துக்கே கேட்டிருக்கும். கேட்ட விலை 14,500. அண்ணன் முகத்தில் வெளிச்சம். அப்போது எங்களோடு வந்திருந்த பட்டறைக்காரர் கெரானைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கெரானில் 1.6, உள்ளே இருப்பது 1.8.

"தம்பி, இஞ்சின் நம்பர் ஒத்துப்போகலை. பேர் மாத்த பி5 பரிசோதனைக்குப் போனா அங்கேயே நின்னுடும்" என்றார். "அதுவும் போகட்டும். இஞ்சின மாத்தினவர் பிரேக்க மாத்தலையே, பாத்தியா?"

இந்த ஒரு வாக்கியத்தில் மொத்தப் பாடமும் இருக்கிறது. நம் நாட்டில் இஞ்சினை மாற்றினால் ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். கெரானிலும் அது பதிய வேண்டும். அனுமதியில்லாத காரை வாங்கினால், முந்தையவர் செய்த குற்றத்தை நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அடுத்தது, பலம் கூட்டிய காருக்கு நிறுத்தும் வலிமை கூட்டாவிட்டால் அது தடத்துக்கு உரிய கார் அல்ல.

பிரேக் ஏன் முதலில்? படிவம் 4 கணக்கு

இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கி வருவது. 1,000 கிலோ கார் மணிக்கு 144 கிலோமீட்டரில் போகிறது என்போம். அது விநாடிக்கு 40 மீட்டர். ஆற்றல் 800 கிலோஜூல். வளைவுக்கு முன் மணிக்கு 72 கிலோமீட்டருக்கு, அதாவது விநாடிக்கு 20 மீட்டருக்கு, வேகத்தைக் குறைக்கிறீர்கள். மிச்சம் 200 கிலோஜூல். நடுவில் காணாமல் போன 600 கிலோஜூல் எங்கே போனது? பெரும்பகுதி பிரேக் தட்டுகளில் வெப்பமாக இறங்கியது.

600 கிலோஜூல் எவ்வளவு என்று பார்க்க வீட்டுக் கெட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் இருக்கும் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. சில விநாடிகளில் அவ்வளவும் இறங்குகிறது. சிப்பாங்கில் இரண்டு நீண்ட நேர்த்தடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டின் முடிவிலும் கடுமையான வளைவு. தட்டு ஆறுவதற்குள் அடுத்த கெட்டில்.

கவனியுங்கள்: வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. இஞ்சினைப் பெரிதாக்கிவிட்டு பிரேக்கை அப்படியே விடுவது இந்தக் கணக்கை மறப்பதற்குச் சமம். நிறையையும் பாருங்கள். அதே வேகக் குறைப்புக்கு 1,400 கிலோ கார் 840 கிலோஜூலைக் கொட்டும். எடை குறைந்த கார் பிரேக்குக்கும் நல்லது, டயருக்கும் நல்லது, உங்கள் பணப்பைக்கும் நல்லது.

பிரேக் எண்ணெயும் இதில் சேரும். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரியிலும் டாட் 4 குறைந்தது 230 டிகிரியிலும்தான் கொதிக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அதே விதி 140, 155 டிகிரியாக இறங்குகிறது. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது; அதனால் மிதியை அழுத்தினால் அது தரைவரை போகும், கார் நிற்காது. நம் ஊர் ஈரக் காற்றில் பல ஆண்டு மாற்றாத எண்ணெயோடு தடத்தில் இறங்குவது எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரியும். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு குடும்பச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது.

இரண்டாவது கார்: மைவி

மைவியைக் கேலி செய்யாத மலேசியர் உண்டா? ஆனால் 2005இல் வந்த நாள் முதல் அது தடத்துக்கும் வந்துகொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஏறக்குறைய ஒரு டன் எடை. எந்தப் பட்டணத்திலும் உதிரிப் பாகம். பொத்தோங் கடையிலும் கிடைக்கும். 2011இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 1.5 லிட்டர் இஞ்சினும் உண்டு, நூறு குதிரைத்திறனைத் தொடும்.

நாங்கள் பார்த்த மைவி 1.3, ஆட்டோ கியர். சுத்தமான கார், ஒரே ஓனர். குறை என்னவென்றால், ஆட்டோ கியரில் பழைய நான்கு வேகப் பெட்டி. வளைவுக்குள் எந்தக் கியரில் இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது வேறு, பெட்டி நினைப்பது வேறு. தொடர்ந்து உச்ச வேகத்தில் ஓட்டினால் கியர் எண்ணெயும் சூடேறும். குடும்பத்துக்கு நல்ல கார். ஓட்டக் கற்பவருக்கு மேனுவல் கியர்தான் ஆசிரியர். பெரியம்மாவுக்கு அந்த மைவி மிகவும் பிடித்தது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

டயர் செய்யும் வேலை

இங்கே இன்னொரு கணக்கு. சாய்வில்லாத வளைவில் கார் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது உராய்வு. வேகத்தின் இருமடி, உராய்வுக் கெழு, புவியீர்ப்பு, வளைவின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கலை மீறக் கூடாது. ஆரம் 50 மீட்டர், காய்ந்த தரையில் கெழு 0.9 என்றால் பெருக்கல் 441. அதன் வர்க்கமூலம் 21. விநாடிக்கு 21 மீட்டர் என்பது மணிக்கு ஏறக்குறைய 76 கிலோமீட்டர். மழை பெய்து கெழு 0.5 ஆகிவிட்டால் அதே வளைவில் 56 கிலோமீட்டர்தான்.

இந்தச் சூத்திரத்தில் குதிரைத்திறன் எங்கே? இல்லவே இல்லை. நிறைகூட வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது. (நடைமுறையில் டயர்மேல் பாரம் ஏற ஏறக் கெழு சற்றுக் குறையும், ஆகவே அங்கும் எடை குறைந்த கார் முந்துகிறது.) வளைவில் உங்களைக் காப்பாற்றுவது நான்கு டயர்களும் தரையைத் தொடும் நான்கு சின்ன இடங்கள்தான். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட உள்ளங்கை அளவு. பிளாஸ்டிக் ஸ்பாய்லருக்கும் பளபளக்கும் ஸ்போர்ட் ரிம்முக்கும் கொடுக்கும் பணத்தில் நல்ல டயர் வாங்கினால், வளைவில் வேகம் கூடும், மழையில் வீட்டுக்கும் பத்திரமாக வரலாம்.

மூன்றாவது கார்: 1.3 சாகா, மேனுவல்

முடிவில் அண்ணன் வாங்கியது ஈஜோக்கில் ஒரு பெரியவர் வைத்திருந்த புரோட்டோன் சாகா. 2008இல் வந்த இரண்டாம் தலைமுறை. 1.3 கேம்ப்ரோ இஞ்சின், மேனுவல் கியர், எதுவும் மாற்றப்படாதது. விலை 9,500. சுவரில் ஒட்டும்படியான அழகு அதில் எதுவும் இல்லை. நண்பர்கள் சிரித்தார்கள்.

ஏன் அதை எடுத்தோம்? கெரானும் இஞ்சின் எண்ணும் ஒத்துப்போயின. அடித்தளத்தில் துரு இல்லை, மோதிய அடையாளம் இல்லை. எல்லாப் பட்டறையிலும் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆள் இருக்கிறார். சாலை வரி ஆண்டுக்கு 70 ரிங்கிட். இதே கணக்கில் 1.6 காருக்கு 90 ரிங்கிட். 1,834 சிசி ஜி.டி.ஐ.க்கு ஏறக்குறைய 297 ரிங்கிட். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கிய பிறகும் கையில் 5,500 ரிங்கிட் இருந்தது.

அந்த 5,500தான் காரைத் தடத்துக்கு உரியதாக்கியது. அண்ணன் எழுதி வைத்த கணக்கு இதோ:

நான்கு புதிய டயர்: 1,000.
முன் பிரேக் பேட், தட்டு, பிரேக் எண்ணெய், குழாய்கள்: 700.
டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்ப், ரேடியேட்டர் சுத்தம், இஞ்சின் எண்ணெய்: 1,100.
ஹெல்மட்: 500.
முதல் நாளின் கட்டணம், பெட்ரோல், டோல், சாப்பாடு: 1,000.
அவசரக் கையிருப்பு: 1,200.

கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. டிராக் டேயில் ஏதாவது ஒன்று உடையும் என்று வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். கையிருப்பு இல்லாதவருக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போகக் கார் இருக்காது.

அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய ஒரு வேடிக்கையான நீண்டநேரப் பந்தயத் தொடர் உண்டு. பெயர் '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்'. காரின் மதிப்பு 500 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் புகழ்பெற்ற விதி. ஆனால் பிரேக், டயர், இருக்கை, பாதுகாப்புக் கூண்டு ஆகியவை அந்த 500இல் சேராது; எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். மலிவைக் கொண்டாடும் பந்தயத்திலேயே உயிரைக் காக்கும் பாகங்களில் மலிவு பார்ப்பதில்லை. நமக்கும் அதுவே விதியாக இருக்கட்டும்.

வேறு என்ன பார்க்கலாம்?

கையில் இன்னும் கொஞ்சம் பணம் உள்ளவர்கள் சாத்ரியா நியோவைப் பார்க்கலாம். 2006இல் வந்தது, 2009இல் வந்த சி.பி.எஸ். இஞ்சின் 125 குதிரைத்திறன் தரும், அதுவும் தொழிற்சாலையிலிருந்தே, கெரானில் பதிவோடு. அதன் ராலி வடிவத்தில்தான் 2011இல் அலிஸ்டர் மெக்ரே ஆசிய பசிபிக் ராலிப் பட்டத்தை வென்றார். பணம் குறைவானவர்களுக்கு கஞ்சில் உண்டு. ஏறக்குறைய 700 கிலோ எடை, தடத்தில் விளையாட்டுப் பொம்மை போல் வளையும். ஆனால் காற்றுப்பை இல்லாத பழைய சின்னக் கார் அது. பெரிய கார்களோடு சேர்ந்து ஓடும் நாளில் அதைக் கொண்டுபோக நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிநாட்டு இதழ்கள் இந்தக் கேள்விக்கு எப்போதும் சொல்லும் பதில் 1989இல் பிறந்த மாஸ்டா எம்.எக்ஸ்.-5. எடை குறைவு, பின்சக்கர இயக்கம், அருமையான கார்தான். நம் நாட்டு வரிகளோடு அதன் விலை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் மாணவர்கள் மறுபடி சாகாவிடமே வந்துவிடுவார்கள்.

சின்னக் காரில் தொடங்கியவர்கள்

சின்னக் கார் என்பது ஏழைக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு அல்ல. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் செய்ததைப் பாருங்கள். பந்தயக் கார் என்றால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், பணக்காரர் மட்டுமே ஓட்ட முடியும் என்றிருந்த காலம். இந்தியாவின் ஒவ்வொரு தெருவிலும் ஓடிய மாருதி 800இன் 796 சிசி இஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். பெயர் ஃபார்முலா மாருதி. உதிரிப் பாகம் பக்கத்துக் கடையில் கிடைத்தது. அதனால் பலர் தடத்துக்கு வந்தார்கள். அப்படி ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1இல் களமிறங்கிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995இல் ஒரு வான் விபத்தில் இறந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் நாட்டிலும் அதே கதைதான். 2002இல் உலக ராலிப் பந்தயத்தின் தயாரிப்புக் கார் பிரிவில் பட்டம் வென்ற கரம்ஜித் சிங் ஓட்டியது புரோட்டோன். டோயோட்டா வியோஸ் காரை மட்டுமே வைத்து நடக்கும் பந்தயத் தொடர் 2017இல் தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே கார் என்றால், வித்தியாசம் ஓட்டுநர் மட்டுமே. சிப்பாங்கின் 1,000 கிலோமீட்டர் பந்தயத்திலும் நாம் அன்றாடம் சாலையில் பார்க்கும் கார்களே ஓடுகின்றன. 181 சுற்றுகள். அங்கே வெல்வது வேகமான கார் மட்டும் அல்ல, கடைசிவரை நிற்காத கார்.

காப்புறுதி: யாரும் படிக்காத பக்கம்

சாதாரண மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாட்டுக்கு இழப்பீடு கிடையாது என்று இருக்கும். தடத்தில் காரை மோதினால் செலவு உங்களுடையது. தடுப்புச் சுவரைச் சேதப்படுத்தினால் அதற்கும் உங்களிடமே பணம் கேட்கலாம். பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அதையும் படியுங்கள்.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது: முழுதாகப் போனாலும் வாழ்க்கை நின்றுவிடாத காரைத்தான் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பாவின் காரை அல்ல. ஏழு ஆண்டுக் கடனில் நிற்கும் காரை அல்ல. பி.டி.பி.டி.என். கல்விக் கடனில் வாங்கிய காரை நிச்சயமாக அல்ல. தடத்தில் நொறுங்கிய காருக்கு அடுத்த ஐந்து ஆண்டு மாதத் தவணை கட்டுவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

அந்த நாள்

கோலா சிலாங்கூரிலிருந்து சிப்பாங்குக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். விடியுமுன் கிளம்பினோம். போனதும் காரிலிருந்து எல்லாவற்றையும் இறக்க வேண்டும்: குடை, தண்ணீர்ப் போத்தல், தரை விரிப்பு, டாஷ்போர்டில் இருக்கும் பிள்ளையார் உட்பட. பிரேக் பிடிக்கும்போது காலுக்கடியில் உருண்டு வரும் ஒரு போத்தல் போதும், விபத்துக்கு. நீளக்கை சட்டை, மூடிய காலணி, ஹெல்மட்.

பிறகு விளக்கக் கூட்டம். அங்கே கொடிகளைச் சொல்லித் தருவார்கள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து; வேகம் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். மெதுவாகப் பிட்டுக்குத் திரும்பு. நீலம் என்றால் பின்னால் வேகமான கார், வழிவிடு. மஞ்சளும் சிவப்புமாகக் கோடு போட்டது வழுக்கும் தரை. கறுப்பு உங்களைக் காட்டினால் பிட்டுக்கு வா என்று பொருள். முதல் சுற்று டயரையும் எண்ணெயையும் சூடாக்க. கடைசிச் சுற்று பிரேக்கை ஆற்ற. நின்ற பிறகு கைப்பிரேக் போடக் கூடாது. சூடான பிரேக்கை இறுக்கிப் பிடித்து வைப்பது நல்லதல்ல. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தோம்.

அண்ணனை எல்லாரும் முந்தினார்கள். நேர்த்தடத்தில் அந்தச் சாகா பாவம், கத்திக்கொண்டே போனது. ஆனால் மதியத்துக்குள் ஒன்றைக் கவனித்தேன். அதிகக் குதிரைத்திறன் கொண்ட சில கார்கள் இரண்டு மூன்று சுற்றில் பிரேக் புகையோடு பிட்டுக்கு வந்து பானட்டைத் திறந்து நின்றன. சாகா ஒவ்வொரு முறையும் தன் முழு நேரத்தையும் ஓடி முடித்தது. பணம் கட்டியது ஓட்டத்தானே? அன்று அண்ணன் ஓட்டிய அளவுக்கு அவர்கள் ஓட்டவில்லை. நான்காவது முறை இறங்கி வந்தபோது, எங்கே பிரேக் பிடிக்க வேண்டும், எங்கே பார்வையை வைக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டுமே பேசினார். இஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தங்கச்சி, எனக்குக் காடி ஓட்டத் தெரியும்னு நெனச்சேன். இனிமேதான் கத்துக்கணும்" என்றார்.

தடத்தில் ஓட்டியவர் சாலையில் வேகமாகப் போகவே மாட்டார் என்று உறுதி சொல்ல முடியாது. அண்ணனைப் பற்றியும் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் மழையில் அவர் இப்போது முன்னால் போகும் காருக்கு விடும் இடைவெளியை நான் பக்கத்து இருக்கையிலிருந்து பார்க்கிறேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தச் சாகா தொழிற்சாலை வாசலில் நின்றது. பெரியம்மா வேறொன்றும் கேட்கவில்லை.

கார் இல்லாதவர்களுக்கு

படிவம் 5இல் இருக்கிறீர்கள், லைசென்ஸ் இல்லை, பணமும் இல்லை என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. கோ-கார்ட் தடத்தில் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வளைவின் பாடம் அங்கேயே தொடங்குகிறது. 18 வயதானதும் பந்தய மார்ஷல் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். கொடி பிடிப்பவர் தடத்துக்கு மிக அருகில், செலவில்லாமல், நூறு ஓட்டுநர்களின் நல்லதையும் கெட்டதையும் ஒரே நாளில் பார்ப்பார். இயந்திரத்தில் ஆர்வம் இருந்தால் விடுமுறையில் பக்கத்துப் பட்டறையில் போய் நில்லுங்கள். பிரேக் பேட் மாற்றத் தெரிந்த மாணவருக்கு இயற்பியல் பாடம் பாதி முடிந்த மாதிரி.

கார் வாங்கப் போகிறவர்கள் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கெரானும் இஞ்சின் எண்ணும் ஒன்றா? எடை குறைவா? உதிரிப் பாகம் நம் ஊரிலேயே கிடைக்குமா? வாங்கிய பிறகு பிரேக்குக்கும் டயருக்கும் கையிருப்புக்கும் பணம் மிஞ்சுமா? திங்கட்கிழமை காலை இதில் வேலைக்கோ வகுப்புக்கோ போக முடியுமா? ஐந்துக்கும் ஆம் என்று பதில் வரும் கார் எதுவாக இருந்தாலும், பெயரைப் பார்த்து யார் சிரித்தாலும், அதை எடுங்கள்.